'அந்த மாதிரி' இந்தியரும் நல்ல வாடகைக்காரரும்

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் மாமா ஒருவர் ஒரு தகவலைப் பகிர்ந்திருந்தார். 'நல்ல வாடகைக்காரராக இருக்கப் பத்து வழிகள்'. வாடகையை முதல் தேதியே கட்டுங்கள். சத்தமாகப் பேசாதீர்கள். சாம்பிராணி போடாதீர்கள். மீன்குழம்பு வைக்கிற அன்று சன்னலைத் திறந்து வையுங்கள். சொந்தக்காரர்களைக் கூட்டமாக அழைத்து வராதீர்கள். ஒன்பதாவது வழி, 'சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாதீர்கள்'. கடைசியில் ஒரு முத்தாய்ப்பு: நம்மவர்கள் இப்படி நடந்துகொண்டால் இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள், மாற்றம் நம்மிடமிருந்தே தொடங்கட்டும்.

கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். என் அம்மாவும் ஒன்று போட்டிருந்தார்.

முதல் வழியோடு எனக்குச் சண்டை இல்லை. வாடகையை நேரத்தோடு கட்டத்தான் வேண்டும். என் சண்டை அந்த ஒன்பதாவது வழியோடும் முத்தாய்ப்போடும்தான். அந்த ஒன்பதாவது வழியை நான் அப்படியே கடைப்பிடித்தவன். அதற்கு நான் கொடுத்த விலை 2,600 வெள்ளி.

ஸ்கூடாயில் படித்த காலத்தில் வீடு தேடுவது எனக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. தாமான் யூனிவர்சிட்டியில் எட்டுப் பேர் ஒரு வீட்டில் அடைந்து கிடந்தோம். மாணவர்கள் என்றால் எந்த இனமாக இருந்தாலும் அந்த வட்டாரத்து வீட்டுக்காரர்களுக்குச் சம்மதம்தான். வேலை கிடைத்து ஷா ஆலம் வந்த பிறகுதான் உண்மை நிலவரம் புரிந்தது. தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் வேலை. கையில் நிரந்தர வேலைக்கான கடிதம். மூன்று வாரத்தில் 14 ஏஜெண்டுகளை அழைத்தேன். சில விளம்பரங்களிலேயே எந்த இனத்துக்கு வீடு என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, நேரம் மிச்சம். மற்றவர்கள் பேச்சை நன்றாகத்தான் தொடங்குவார்கள். பெயரைக் கேட்பார்கள். சொன்னதும் ஒரு சின்ன மௌனம். பிறகு, "சாரி பாஸ், ஓனர் இப்பத்தான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாராம்." அதே விளம்பரம் அடுத்த வாரமும் அப்படியே இருக்கும்.

பதினைந்தாவது ஏஜெண்ட் நல்ல மனிதர். வீட்டுக்காரர் ஒரு சீன ஆண்ட்டி, தயங்குகிறார், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். என் முன்னாலேயே அழைத்துப் பேசினார். இவர் இன்ஜினியர், ஒல்லியான பையன், குடிக்க மாட்டார், தனியாள், மற்ற இந்தியர்கள் மாதிரி இல்லை, இவர் 'அந்த மாதிரி' இந்தியர் இல்லை. ஆண்ட்டி சம்மதித்தார்.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் அண்ணன் முறை ஆகிறவர்கள், என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் 'அந்த மாதிரி' என்ற ஒரு பையில் போட்டுக் கட்டி, என்னை மட்டும் வெளியே எடுத்து வைத்தார்கள். நான் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வாடகை 1,300 வெள்ளி. இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம், ஆக மொத்தம் 4,550 வெள்ளி. அம்மாவின் சங்கிலி இரண்டு மாதம் அடகுக்கடையில் இருந்தது.

ஓராண்டு கழித்துத் தண்ணீர் பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது. ஒருநாள் இரவு எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைப் போய்ப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சமையலறைத் தொட்டிக்குப் பின்னால், சுவருக்குள் போகும் குழாயின் இணைப்பில்தான் பிரச்சினை. வெளியே தெரிகிற குழாய் என்றால் நானே மாற்றியிருப்பேன். சுவரை உடைக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரரைக் கேட்டாக வேண்டும்.

நான் கேட்கவில்லை.

இயந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தக் கசிவு என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். இருந்தும் கேட்கவில்லை. காரணம் எளிது. ஆண்ட்டி என்னைத் 'தொந்தரவு இல்லாத பையன்' என்று நம்பி வீடு கொடுத்திருந்தார். சுவரை உடைக்கணும் என்று போய் நின்றால், "பார்த்தியா, இந்தியனுக்குக் கொடுத்தா இப்படித்தான்" என்று ஆகிவிடுமோ என்ற பயம். கூடுதல் பில்லை நானே கட்டினேன். தொட்டிக்குக் கீழே ஒரு வாளியை வைத்தேன். ஏழு மாதம்.

சமையலறை அலமாரி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் காய வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அலமாரி ஊதியது. மறுபக்கத்து அறைச் சுவரில் சாயம் கொப்புளித்தது. கடைசியில் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரிந்து, நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆண்ட்டிக்குக் கடிதம் போனது. அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்: ஏன் என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறுநாளே ஆள் அனுப்பியிருப்பேனே? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாத வைப்புத்தொகை முழுவதும் போனது. நான் வெளியேறிய பிறகு அந்த வீட்டின் விளம்பரத்தைப் பார்த்தேன். முன்பு இல்லாத ஒரு வரி அதில் புதிதாகச் சேர்ந்திருந்தது. அது என்ன வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமாவின் தகவலைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது அந்த வரிதான். மாமாவிடம் சொன்னால், "நீ ஒழுங்கா இருந்திருந்தா அந்த வரி வந்திருக்காதே" என்பார். நான் ஒழுங்காகத்தான் இருந்தேன் மாமா. உங்கள் ஒன்பதாவது வழிப்படி ஒழுங்காக இருந்தேன். அதனால்தான் அந்த வரி வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தை இயக்குகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. வழக்கத்துக்கு மாறாகச் சத்தம், சூடு, கசிவு எது தெரிந்தாலும் உடனே அந்த இடத்தில் ஒரு சீட்டைக் கட்டிவிட வேண்டும். யாருடைய தவறு என்ற விசாரணை பிறகு. அதிகமாகச் சீட்டுக் கட்டுகிறவர்தான் நல்ல இயக்குநர். சீட்டே கட்டாதவரின் இயந்திரத்தைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம். அதுதான் ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும். வீடும் அப்படித்தான். வாயைத் திறக்காத வாடகைக்காரர் வீட்டைக் கெடுக்கிறார். ஆனால், வாயைத் திறக்காமல் இருப்பதையே நல்ல குணம் என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குப் பாட்டிதான் நினைவுக்கு வருகிறார். பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் கூரை. வேலை போனால் வீடும் போகும். கூரை ஒழுகினாலும் பாட்டி கிராணியிடம் போய் நிற்கமாட்டாராம், தாத்தாவின் பெயர் கெட்டுவிடும் என்று. துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் மட்டும் வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி நிறுத்துவாராம். இதைப் பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதில் ஒரு கணக்கு இருந்தது. பாட்டிக்கு வேறு வழியில்லை, பயத்தைத் தந்திரமாக மாற்றிக்கொண்டார். தோட்டங்கள் விற்கப்பட்டபோது, சுண்ணாம்பு அடித்தவர்களும் அடிக்காதவர்களும் ஒன்றாகத்தான் வெளியேற்றப்பட்டார்கள். நல்ல பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. 2009இல் பினாங்கின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோதும், தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து அங்கே வாழ்ந்தவர்களின் நடத்தையை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

பாட்டியின் தந்திரத்தை நாம் இன்று பண்பாடு என்று பெயர் மாற்றி வாட்சப்பில் அனுப்புகிறோம்.

சரி, எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருவோம். மூன்று வாதங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

முதலாவது, "நம்மாளுங்க ஏமாத்தியிருக்காங்க, அதனாலதான் கொடுக்க மாட்டேங்கறாங்க." ஏமாற்றியவர்கள் உண்டு. மூன்று மாத வாடகையை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் போனவரை எனக்கே தெரியும். ஆனால், கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு. பத்து ஆண்டுகளில் நான்கைந்து பேர் குடியிருந்திருப்பார்கள். அதில் ஒரு இந்தியர் ஏமாற்றினால், 'இந்தியர்கள் ஏமாற்றுவார்கள்'. ஒரு சீனரோ மலாய்க்காரரோ ஏமாற்றினால், 'அந்த ஆள் ஏமாற்றிவிட்டான்'. ஒரே குற்றத்துக்கு ஓரிடத்தில் தனிமனிதனின் பெயரும் இன்னோரிடத்தில் இனத்தின் பெயரும் எழுதப்படுகின்றன. ஒரு இயந்திரம் கெட்டதை வைத்து அந்த நிறத்தில் சாயம் அடித்த எல்லா இயந்திரங்களும் கெட்டவை என்று நான் அறிக்கை எழுதினால், என் மேலாளர் அதை என் முகத்திலேயே விட்டெறிவார்.

இன்னொன்றும் இருக்கிறது. நல்ல வீடுகள் மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சுவது மோசமான வீடுகள். ஒழுகுகிற கூரை, பழைய வயரிங், பழுது பார்க்காத ஏர்கோன், எழுத்தில் இல்லாத ஒப்பந்தம். அப்படிப்பட்ட வீட்டில்தான் தகராறு அதிகம் வரும். தகராறு வந்ததும், "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே!"

இரண்டாவது வாதம், "அவங்க வீடு, அவங்க உரிமை." வீடு அவர்களுடையதுதான். சொந்தக்காரர்களை மட்டும் தங்க வைத்தால் அது அவர்கள் பாடு. ஆனால், பொதுவில் விளம்பரம் கொடுத்து, வாடகை வாங்கி, பிரச்சினை என்றால் நீதிமன்றத்துக்கும் போகிற ஒரு வியாபாரமாக அது மாறிய பிறகு, அதற்கு விதிகள் வேண்டாமா? பிரிட்டனிலும் ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று சன்னலில் எழுதி வைத்தார்கள். 1968இல் இன உறவுச் சட்டம் வீட்டு விஷயத்தில் அதைச் சட்டவிரோதமாக்கியது. அதனால் வீட்டுக்காரர்கள் எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. பலகையை எடுத்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு, இனம், மதம், பிறப்பிடம் போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. படித்ததும் நமக்கு நம்பிக்கை வரும். ஆனால், அது அரசைக் கட்டுப்படுத்துகிற விதி. தனியாரை அது கட்டுப்படுத்தாது என்பதைக் கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆக, உங்களுக்கு வீடு மறுக்கும் ஏஜெண்ட் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் கொண்டுவரப்படும் என்று 2018-2025 தேசிய வீடமைப்புக் கொள்கையிலேயே பேசப்பட்டது. ஆண்டுகள் ஓடின. நான் இதை எழுதும்வரை சட்டம் வரவில்லை.

இங்கே வீட்டுக்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். வாடகை கட்டாதவரை அவர்கள் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 7(2) பிரிவின்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது எல்லாம் குறுக்குவழிகள். வழக்குக்குப் போனால் மாதங்கள் ஆகும், வக்கீல் செலவு ஆகும், வங்கிக் கடனோ மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தில்தான் பலர் கைக்கு எட்டுகிற மலிவான வடிகட்டியைத் தேடுகிறார்கள். இனம்தான் அந்த வடிகட்டி. காசு செலவில்லை, பெயரைக் கேட்டால் போதும். ஆனால், அந்த வடிகட்டி எதையும் வடிகட்டுவதில்லை. ஒருவர் வாடகை கட்டுவாரா என்று தெரிய வேண்டுமென்றால் சம்பளச் சீட்டைக் கேளுங்கள், இபிஎப் அறிக்கையைக் கேளுங்கள், கடன் அறிக்கையைக் கேளுங்கள், முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேளுங்கள். எல்லாவற்றையும் கொடுக்க நான் தயாராக இருந்தேன். அந்த 14 பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாவது வாதம்தான் மாமாவின் முத்தாய்ப்பு. "நாம நல்லபடியா நடந்துகிட்டா அவங்க மாறுவாங்க." இது எப்படி வேலை செய்யும் என்று யாராவது எனக்கு விளக்குங்கள். நான் நன்றாக நடந்துகொண்டபோது எனக்குக் கிடைத்தது 'இவர் அந்த மாதிரி இந்தியர் இல்லை' என்ற சான்றிதழ்தான். அதாவது, என் நல்ல நடத்தை விதிவிலக்குக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. என் தவறு மட்டும் இனத்தின் கணக்கில் சேர்ந்தது. வரவு ஒரு கணக்கில், பற்று இன்னொரு கணக்கில் என்றால், எத்தனை ஆண்டுகள் சேமித்தாலும் கடன் தீராது.

மாமாவுக்குப் பூச்சோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. வாடகைக்குத்தான் விட்டிருக்கிறார். சீனர்களுக்கு மட்டும். "அவங்கன்னா கரெக்டா கட்டுவாங்கப்பா" என்று அவரே ஒரு தீபாவளி விருந்தில் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையாட்டினோம். இன்னொரு உறவினர் தமிழருக்குத்தான் கொடுப்பார், ஆனால் 'என்ன ஆளுங்க' என்று சுற்றி வளைத்து விசாரித்த பிறகுதான். வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள், தனியாக வாழும் பெண்கள் என்று வந்தால் நம் வீட்டுக்காரர்களின் வாயிலும் அதே வரிதான் வருகிறது. நமக்கு மறுக்கப்படும்போது இனவாதம், நாம் மறுக்கும்போது முன்னெச்சரிக்கையா? இதைப் பேசாமல் மற்றவர்களைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் நல்ல வாடகைக்காரர் யார்? என் பார்வையில் நான்கே விஷயம். வாடகையையும் பில்களையும் நேரத்தோடு கட்டுகிறவர். ஒப்பந்தத்தில் எழுதியபடி வீட்டைப் பயன்படுத்துகிறவர். பழுதை உடனே, எழுத்தில் தெரிவிக்கிறவர். போகும்போது, காலத்தால் வந்த தேய்மானம் போக, வீட்டை வாங்கியபடி திருப்பிக் கொடுக்கிறவர். முடிந்தது. சாயம் மங்குவதும், குளியலறை ஓரத்து சிலிக்கோன் கறுப்பதும் தேய்மானம், குற்றமல்ல. பேரிங் தேய்ந்ததற்காக இயந்திரம் ஓட்டியவரின் சம்பளத்தில் யாரும் பிடிப்பதில்லை.

இந்த நான்கில் சாம்பிராணி இல்லை, மீன்குழம்பு இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, குரலின் உயரம் இல்லை. நள்ளிரவில் பாட்டைச் சத்தமாக வைத்தால் அது அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல், எந்த இனத்தவர் செய்தாலும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது அப்படியல்ல. வாடகை கொடுத்து வாங்குவது வாழ்வதற்கான இடத்தை. வாழாமல் இருப்பதாக நடிக்கும் இடத்துக்கு யார் மாதம் 1,300 வெள்ளி கொடுப்பார்கள்?

இளைய எழுத்தாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தவரை, நம் கதைகளில் லயத்து வீடு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால், என் வயதுக்காரர்கள் வாழும் வீடு அங்கே அபூர்வம். பெயரைக் கேட்டதும் விழும் அந்த மௌனம், அடகுக்கடையில் இருக்கும் சங்கிலி, அறையைப் பகிரும் மூன்று பேரின் மூன்று பூட்டுகள், இதெல்லாம் எங்கே? பாட்டியின் லயத்தை எழுத அனுதாபம் போதும். இதை எழுத வேண்டுமென்றால் மாமாவையும் எழுத வேண்டும், தலையாட்டிய நம்மையும் எழுத வேண்டும்.

இப்போது வேறு வீட்டில் இருக்கிறேன். சாவி வாங்கிய அன்றே எல்லா அறைகளையும் படமெடுத்து, குறைகளைப் பட்டியலிட்டு வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். 23 குறைகள். "இவ்ளோ கம்ப்ளெய்ன் பண்றியே தம்பி" என்றார். இவர் தமிழர்தான். புகார் இல்லை அண்ணே, உங்கள் வீட்டின் நிலவரம், இரண்டு பேருக்கும் பாதுகாப்பு என்றேன். இரண்டு நாள் பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் பயம் அவ்வளவு சுலபமாகப் போய்விடாது. மூன்றாம் நாள் பிளம்பர் வந்தார்.

மாமாவின் தகவலுக்குக் கீழே நானும் பதில் போட்டேன். ஒன்பதாவது வழியை எடுத்துவிடுங்கள் மாமா, பழுது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள் என்று மாற்றுங்கள், அப்படியே உங்கள் பூச்சோங் வீட்டு விளம்பரத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள் என்று. இதற்கு யாரும் கைகூப்பவில்லை. அம்மா மட்டும் தனியாக அழைத்து, "ஏன்டா பெரியவங்ககிட்ட இப்படி?" என்றார். நான் அம்மாவிடம் அந்த 2,600 வெள்ளிக் கதையை முதன்முறையாகச் சொன்னேன். சங்கிலி ஏன் அவ்வளவு தாமதமாக மீட்கப்பட்டது என்பதற்கும் வைப்புத்தொகை என்ன ஆனது என்பதற்கும் அதுவரை ஆளுக்கொரு பொய் சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார், "அந்த ஆண்ட்டிகிட்ட நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

ஆமாம். அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.